ஜோசப் கமாரு: நாட்டுக்காக ஒரு ஜெபம்

கிகூயு என்கிற பேரை நம்மில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டது கூகி வா தியாங்கோ மூலமாகத்தான். எம்.ஏ. படிக்கிற காலத்தில் விடுதியில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' அட்டை கிழிந்து கைமாறிக்கொண்டிருக்கும். ஜெயிலுக்குள் கக்கூஸ் காகிதத்தில் எழுதிய நாவல் என்று மேடைக்கு மேடை சொல்வோம். அந்த நாவலில் கதை சொல்கிறவன் யார் என்று யோசித்தோமா? அவன் எழுத்தாளன் இல்லை. சுரைக்குடுக்கையைக் குலுக்கிக்கொண்டு விடுகதை போட்டுப் பாடும் கிச்சாண்டிக்காரன். நாம் எழுத்தாளனைப் பிடித்துக்கொண்டோம், பாட்டுக்காரனை விட்டுவிட்டோம். எழுத்தைப் படித்தவர்களுக்கு எழுத்துத்தான் பெரிசாகத் தெரியும், வேறென்ன.

கூகி புத்தகத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்காத கிகூயு சனம் வீட்டிலும் கடையிலும் வண்டியிலும் கேட்டது ஜோசப் கமாருவை. 1939இல் பிறந்து 2018 அக்டோபர் 3ஆம் தேதி செத்துப்போன மனிதர். காதல் பாடினார், ஒழுக்கம் பாடினார், கொலையுண்ட தலைவனைப் பாடினார், ஜனாதிபதிக்கு ஜால்ராவும் தட்டினார். 1993இல் ஒரு நாள் நான் மனந்திரும்பிவிட்டேன், இனிமேல் கர்த்தருக்கு மட்டுமே பாடுவேன் என்று அறிவித்துவிட்டுத் தன் பாண்டுக் கோஷ்டியையே கலைத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவிசேஷப் பாடகர் என்று சொல்லப் பலர் உண்டு. நான் இவரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், ஜெபம் எது, அரசியல் எது என்கிற கேள்வி இந்த ஒரு ஆளின் வாழ்க்கையில் மூன்று நான்கு தடவை புரண்டு படுக்கிறது.

கதை கமாரு பிறப்பதற்கும் முன்னால் தொடங்குகிறது.

மிஷன்காரர்கள் கிகூயு நாட்டுக்குள் வேதத்தோடு பாமாலையையும் கொண்டுபோனார்கள். மக்களின் ஆட்டம் பாட்டெல்லாம் அஞ்ஞானம் என்று ஒதுக்கப்பட்டது. 1929இல் ஸ்காட்லாந்து மிஷன், பெண்பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்குச் சுன்னத்தை விட்டுவிடுவதாகச் சபையாரும் வாத்தியார்களும் உறுதி கொடுத்தாக வேண்டும் என்றது. ஆயிரக்கணக்கானவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். தங்களுக்கென்று தனிச்சபை, தனிப்பள்ளிக்கூடம் கட்டினார்கள். அந்தச் சமயத்தில் முத்திரிகு என்று ஓர் ஆட்டப்பாட்டு கிளம்பியது. மிஷன்காரனையும் அவனுக்குத் தலையாட்டிய உள்ளூர்ப் பெரியதனக்காரனையும் பேர் சொல்லிக் கிழித்த பாட்டு. 1930இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிசம் நிற்க வேண்டும். காலனிய எதிர்ப்பு என்றதும் நாம் கைதட்டிவிடுகிறோம். ஆனால் அந்தச் சண்டை யார் உடம்பின் மேல் நடந்தது? பத்துப் பதினைந்து வயசுப் பிள்ளைகளின் உடம்பின் மேல். சனத்தின் மானத்துக்கு அடையாளம் வேண்டும் என்றால் பெண்பிள்ளையின் தொடைக்கு நடுவில்தான் தேடுவார்களா? மிஷன்காரன் சொன்னதாலேயே அது தப்பான பேச்சு ஆகிவிடாது, பாட்டு தடை செய்யப்பட்டதாலேயே முழுக்க விடுதலைப் பாட்டும் ஆகிவிடாது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்கு இருபது வருசம் கழித்து வந்தது மாவ் மாவ். வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்ட நிலத்தைத் திரும்பக் கேட்ட இயக்கம். இவர்கள் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாமாலை மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். கோயிலில் கற்றுக்கொடுத்த அதே ராகம், அதே இழுப்பு. உள்ளே வார்த்தை மட்டும் வேறு. ஏசு வருகிற இடத்தில் ஜோமோ கென்யாட்டா பேர் வரும், பரலோகத்துக்குப் பதிலாக நிலம் வரும். தோட்டத்துத் துரை வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நம்ம ஆட்கள் நல்லா ஜெபம் பண்ணுறானுங்க என்று சந்தோசப்பட்டிருப்பான். பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துப் புத்தகம் எழுதியவர் லூயி லீக்கி. ஆதிமனிதன் எலும்பைத் தோண்டியவர் என்று நமக்குப் பெரிய பேராகத் தெரிந்த அதே லீக்கிதான். மிஷன் வளாகத்தில் பிறந்து கிகூயுவைத் தாய்மொழி மாதிரிப் பேசினவர். மொழி தெரிந்தவன் எல்லாம் நம்ம பக்கம் நிற்பான் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

1952 அக்டோபரில் நெருக்கடி நிலை வந்தது. கிகூயு மொழியில் பத்திரிகையும் புத்தகமும் போட்டு, மாவ் மாவ்காரர்களுக்காக ஒரு விசுவாசப் பிரமாணமே எழுதிய ககாரா வா வஞ்சாவ் உள்ளே போனார். வருசக்கணக்கில் முகாம் முகாமாக வைத்திருந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கிகூயு மக்களைக் குடிசைகளிலிருந்து கிளப்பி முள்வேலி போட்ட ஊர்களில் அடைத்தார்கள். தூக்கில் போட்டது மட்டும் ஆயிரத்துக்கு மேல். முராங்கா வட்டாரத்துக் கங்கேமாவில் பிறந்த கமாருவுக்கு நெருக்கடி நிலை வந்தபோது 13 வயசு. பாட்டு என்றால் சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொள்கிற சிறுவயசு அவருக்கு வாய்க்கவில்லை.

1957 பிப்ரவரி 18இல் மாவ் மாவ் தலைவர் தெடான் கிமாதியைக் கமீதி சிறையில் தூக்கிலிட்டார்கள். அதே வருசம்தான் கமாரு வேலை தேடி நைரோபி வந்தது. கிடைத்தது வீட்டுவேலை. பெருக்குவது, கழுவுவது, பிள்ளை பார்ப்பது. நைரோபியில் அன்றைக்கு ஒரு கிகூயு இளைஞன் அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. 'பாய்' என்று கூப்பிடுவார்கள், ஐம்பது வயசு ஆளையும் அப்படித்தான். அடுத்த வீட்டு எச்சில் தட்டைக் கழுவின கையில்தான் அவர் கித்தாரைப் பிடித்தார்.

பாட்டுக்காரராக வெளியே தெரிந்தது 60களின் நடுவில், நாடு விடுதலையான பிறகு. அவரும் தங்கை கேத்தரின் முத்தோனியும் சேர்ந்து பாடிய இசைத்தட்டுகள் ஓட ஆரம்பித்தன. 'செலினா' பெரிய வெற்றி. அண்ணன் ஒன்று சொல்வான், தங்கை மறுத்துச் சொல்வாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்தக் குரல்கள் ஒன்றையொன்று விரட்டுவதைக் கேட்டால் திண்ணையில் உட்கார்ந்து வம்பளக்கிற மாதிரிதான் இருக்கிறது. கித்தார் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு அதன் மேல் நின்று நியாயம் பேசும். பழமொழி போட்டுப் பேசுவது கிகூயுக்காரர்களுக்குப் பிடித்த சங்கதி. கமாருவின் வார்த்தைகளில் அது நிறைய உண்டு என்று மொழி தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் கென்யாவில் இசைத்தட்டுத் தொழிலில் இந்திய வியாபாரிகள் கை ஓங்கியிருந்தது. மொம்பாசாவில் அசானந்த், கெரிச்சோவில் சந்தாரானா என்று கடைகளும் கம்பெனிகளும். கறுப்பன் பாடுவான், தட்டு போட்டு விற்பவர் இந்தியர். சும்மா சொல்லக்கூடாது, இவர்கள் பதிந்து வைத்திராவிட்டால் பாதிப் பாட்டு காற்றோடு போயிருக்கும். அதேசமயம் பாடினவனுக்குப் போனது எவ்வளவு, கடைக்காரருக்குப் போனது எவ்வளவு என்கிற கணக்கும் இருக்கிறது. வெள்ளைக்காரன் மேலே, கறுப்பன் கீழே, நடுப்படியில் இந்தியன் என்று காலனி கட்டிய ஏணியில் நம் நாட்டுக்காரர்கள் சௌகரியமாக உட்கார்ந்துதான் இருந்தார்கள். பியோ காமா பிண்டோ, மக்கன் சிங் போன்ற இந்தியர்கள் அந்தப் படியிலிருந்து இறங்கிக் கறுப்பு மக்களோடு நின்றார்கள். மக்கன் சிங்கைப் பத்து வருசத்துக்கு மேல் அடைத்து வைத்தான் வெள்ளைக்காரன். பிண்டோவை விடுதலைக்குப் பிறகு, 1965இல், பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள்.

கமாரு ஒரு காரியம் செய்தார். 'சிட்டி சவுண்ட்ஸ்' என்று நைரோபியில் சொந்தமாக ஒரு இசைக்கடை வைத்தார். ஒரு காலத்தில் அடுத்தவன் வீட்டுத் தரையைத் துடைத்த ஆள், தன் குரலைத் தானே விற்கிற கடைக்கு முதலாளி. பாட்டுக்காரனுக்குப் புகழைக் கொடுத்துவிட்டுக் கல்லாப்பெட்டியைத் தான் வைத்துக்கொள்கிற உலகம் இது. இந்தக் கடை எனக்கு அவருடைய எந்தப் பாட்டுக்கும் குறைந்ததாகப் படவில்லை.

கென்யாட்டா காலத்தில் கமாரு 'ந்தாரி யா முவாரிமு' என்று ஒரு பாட்டுப் போட்டார். வாத்தியாரின் டார்லிங் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வளைத்துப்போடும் வாத்தியாரைப் பற்றிய பாட்டு. ஊருக்கு ஊர் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்திறக்காத விசயம். ஆசிரியர் சங்கம் கொதித்துப்போய், பாட்டைத் தடை செய்யாவிட்டால் வேலைநிறுத்தம் என்று மிரட்டியது. பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைக்கு வராத கோபம் பாட்டுக்கு வந்தது பாருங்கள். சங்கம் என்றாலே நியாயத்தின் பக்கம் என்று நம்புகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைக்கட்டும். கென்யாட்டா பாட்டுக்காரர் பக்கம் நின்றார்.

நின்றாரா? நின்றார், வாத்தியாரைத் திட்டுகிற வரைக்கும்.

1975 மார்ச் மாதம் ஜே.எம். கரியுகி கொல்லப்பட்டார். மாவ் மாவ் காலத்தில் தடுப்பு முகாமில் கிடந்தவர், அதைப் புத்தகமாக எழுதியவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். விடுதலை வந்து பத்து வருசம் ஆகியும் காட்டுக்குள் நின்று சண்டை போட்டவனுக்கு நிலம் வரவில்லை, வெள்ளைக்காரனுக்குக் காவல் நின்றவன் வீட்டுப் பிள்ளை பெரிய பண்ணைக்காரன் ஆகிவிட்டான். பத்துக் கோடீசுவரர்களும் ஒரு கோடிப் பிச்சைக்காரர்களும் உள்ள நாடா நமக்கு வேண்டும் என்று ஜே.எம். கேட்டுக்கொண்டே இருந்தார். ங்கோங் மலைப்பக்கம் அவர் பிணம் கிடைத்தது. நாடாளுமன்றம் விசாரணைக் குழு போட்டது. குழுவின் அறிக்கையிலிருந்து கென்யாட்டாவுக்கு நெருங்கியவர்களின் பெயர்கள் அடிக்கப்பட்டன. தண்டனை யாருக்கும் கிடையாது.

கமாரு 'ஜே.எம். கரியுகி' என்றே பேர் வைத்துப் பாட்டுப் போட்டார். கென்யாட்டாவுக்கும் அவருக்கும் இருந்த உறவு அத்தோடு கசந்தது. கவனியுங்கள், கென்யாட்டா கிகூயு, ஜே.எம். கிகூயு, கமாருவும் கிகூயு. நம்ம ஆள் நாற்காலியில் இருக்கிறான் என்ற பெருமையில் வாயை மூடிக்கொள்வது ரொம்பச் சுலபம். அப்படி மூடிக்கொண்ட படித்தவர்கள் அன்றைக்கு நைரோபியில் கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு பழைய மெட்டில் ஏசுவின் இடத்தில் வைத்துப் பாடப்பட்ட அதே ஜோமோ கென்யாட்டாவின் ஆட்சியில்தான் இந்தப் பாட்டு வருகிறது.

இதற்கு மேல் அவரை வீரராக்கி மாலை போடத்தான் ஆசை. முடியாது. கென்யாட்டா 1978இல் செத்து தானியேல் அரப் மோய் வந்தார். 1980இல் மோய் ஜப்பான் போனபோது கமாருவையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து 'சஃபாரி யா ஜப்பான்' என்று மோயைப் புகழ்ந்து ஒரு தட்டு. படிக்கும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எனக்கென்ன தெரியும்? கூகியும் அவர் ஊர்க்காரர்களும் கட்டிய கமிரித்து நாடக அரங்கத்தை 1982இல் மோய் அரசாங்கம் இடித்துத் தரைமட்டமாக்கியது. அதே வருசம் நாட்டில் ஒரே கட்சிதான் என்று சட்டமே ஆக்கினார்கள். மாவ் மாவ் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகம் போட்ட மைனா வா கின்யாட்டி ஆறு வருசம் ஜெயிலுக்குப் போனார். இப்படிப்பட்ட ஆட்சியில் கடை வைத்துப் பிழைக்கிறவன் எப்போது குனிந்தான், எப்போது நிமிர்ந்தான் என்று இங்கே நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போடுவது பெரிய காரியமில்லை. குனிந்தார் என்பதை எழுதிவிட்டேன். நிமிர்ந்ததையும் எழுத வேண்டும்.

80களின் கடைசியில் கமாரு பல கட்சி ஆட்சி வேண்டும் என்கிற பக்கம் வந்துவிட்டார். மோய்க்குப் பிடிக்காதவர் ஆனார். 1990ஆம் வருசம் கென்யாவுக்கு ஒரு கொதிவருசம். சனவரி முதல் தேதி பிரசங்கத்தில் பாஸ்டர் திமோத்தி ந்ஜோயா, கிழக்கு ஐரோப்பாவில் விழுந்த மாதிரி இங்கேயும் ஒரு கட்சி ஆட்சி விழும் என்று பேசினார். பிப்ரவரியில் வெளியுறவு மந்திரி ராபர்ட் ஓக்கோ கொல்லப்பட்டார். மே மாதம் நைரோபியின் முவோரோத்தோ குடிசைப்பகுதியைப் புல்டோசர் வைத்து வழித்தார்கள். சூலையில் பல கட்சி கேட்ட கென்னத் மாதிபாவைப் பிடித்து உள்ளே போட்டார்கள். சூலை 7இல் சனம் தெருவுக்கு வந்தது, போலீஸ் சுட்டது. ஆகஸ்டில், மந்திரி ஒருத்தரால் பகிரங்கமாக மிரட்டப்பட்ட பிஷப் அலெக்சாந்தர் முகே சாலை விபத்தில் செத்தார். பத்திரிகை பயந்து கிடந்தது, வானொலி அரசாங்கத்துடையது. ஆள் கூடிப் பேசினால் பிடித்துக்கொண்டு போவான். கோயில் ஒன்றில்தான் பத்துப் பேர் கூடலாம், கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுப் பேசலாம்.

அந்த வருசம் கேசட்டுகள் கிளம்பின. ரிவர் ரோட்டுக் கடைகளில் ரகசியமாகப் பதிந்து, மத்தாத்து என்கிற ஷேர் வேன்களில் சத்தமாகப் போட்டுக்கொண்டு போனார்கள். முவோரோத்தோ இடிபட்ட கதை, மாதிபா பட்ட பாடு எல்லாம் கிகூயுவில் பாட்டாகிவிட்டது. போலீஸ்காரன் கேசட் விற்ற பையன்களை அள்ளிக்கொண்டு போனான். அந்தக் கேசட்டுகளின் கூட்டத்தில் கமாருவுடையதும் ஒன்று: 'மஹோயா மா புரூரி'. நாட்டுக்கான ஜெபங்கள் என்று அர்த்தம். அரசாங்கம் அதை ஜெபமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கடைக்குள் போலீஸ் புகுந்தது.

பாமாலை மெட்டுக்குள் நிலத்தை ஒளித்து வைத்தார்களே, அந்த வேலை நாற்பது வருசம் கழித்துத் திரும்பி வருகிறது. ஒரு வித்தியாசம். முதல் தடவை கேட்டுக்கொண்டிருந்த துரைக்கு மொழி தெரியாது. இந்தத் தடவை கேட்டவனுக்குத் தெரியும். மோய் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போகிறவர், போவதைச் செய்தியில் காட்டச் சொல்கிறவர். ஜெபத்துக்குள் என்ன வைக்கலாம் என்பது அவருக்கா தெரியாது?

1991 டிசம்பரில் ஒரு கட்சிச் சட்டம் போனது. 1992 டிசம்பர் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் நின்று வாக்கைச் சிதற அடித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்துக்கொண்டு மோயே மறுபடி ஜெயித்தார். ரிஃப்ட் பள்ளத்தாக்கில் கிகூயுக் குடும்பங்கள் வீடு கொளுத்தப்பட்டு அகதியாகக் கிடந்தன. இந்த நிலைமையில்தான், 1993இல், கமாரு மனந்திரும்பினார். தோல்வியால் திரும்பினார் என்று நான் எழுதப்போவதில்லை. ஒருத்தர் மனசு எதனால் திரும்பியது என்று தேதியை வைத்துக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

அந்த மனந்திரும்புதல் என்ன மாதிரி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1930களில் ருவாண்டா, உகாண்டாப் பக்கம் கிளம்பி கென்யா வரைக்கும் பரவிய எழுப்புதல் இயக்கம் ஒன்று உண்டு. அதில் 'இரட்சிக்கப்பட்டேன்' என்று சொல்கிறவர் சபை நடுவில் எழுந்து நின்று தன் பழைய பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழைய வாழ்க்கையை அறுத்துப்போட வேண்டும். பீடி, சாராயம், ஆட்டம் எல்லாம் போக வேண்டும். மாவ் மாவ் காலத்தில் இந்த எழுப்புதல்காரர்கள் காட்டுக்காரன் சத்தியத்தையும் எடுக்கமாட்டோம், வெள்ளைக்காரன் துப்பாக்கியையும் தொடமாட்டோம் என்று நின்று செத்தும் இருக்கிறார்கள். கோழைகள் இல்லை. ஆனால் அந்த வழியில் போகிற பாட்டுக்காரன் பழைய பாட்டையும் வைத்துக்கொண்டு புதுப்பாட்டும் பாடலாம் என்பது நடக்காது. கமாரு அதற்கு முன் கிளப்புகளில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டு இரட்டை அர்த்தப் பாட்டுக் கச்சேரியும் நடத்தியவர். 'கமாரு சூப்பர் ஸ்டார்ஸ்' கலைந்தது. 'கமாரு செலிபிரேஷன் கொயர்' பிறந்தது. அந்தக் கொயரைக் கூட்டிக்கொண்டு ஊழியத்துக்கே போய்விட்டார்.

சனம் திகைத்துப்போனது. சுவிசேஷக் கேசட்டுகள் பழைய தட்டுகள் மாதிரி விற்கவில்லை. பகுத்தறிவுத் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், தெரியும். மதம் மாறுகிறவனை, மனம் மாறுகிறவனைக் காசுக்குப் போனான் என்று சொல்கிற வாய் எல்லா ஊரிலும் இருக்கிறது. கமாரு விசயத்தில் அந்த வாய்க்கு வேலையே இல்லை. காசு இருந்த இடத்தை விட்டுவிட்டுக் காசில்லாத இடத்துக்குத்தான் போனார்.

என் வருத்தம் வேறு. 1952இல் பாமாலைக்குள் நிலம் இருந்தது. 1990இல் ஜெபத்துக்குள் நாடு இருந்தது. 1993க்குப் பிறகு ஜெபத்துக்குள் ஜெபம் மட்டும் இருந்ததா? அவர் விசுவாசத்தைக் குறைசொல்ல இதைக் கேட்கவில்லை. கென்யாவில் சுவிசேஷப் பாட்டு ஒரு பெரிய சந்தையாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. மேரி அத்தியேனோ, தான்சானியாவிலிருந்து வந்த ஃபாஸ்டின் முனிஷி என்று வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். அந்தச் சந்தையில் ஜெபத்தைக் கேட்டு யாரும் கடைக்குப் போலீஸ் அனுப்ப வேண்டிய அவசியம் வரவில்லை. கமாருவின் ரசிகர்கள் அவரை விட்டுப் போனதற்கு அவர் பக்திமான் ஆனது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிகூயுக்காரர்கள் அவரைவிடப் பெரிய பக்திமான்கள். ஜே.எம்.முக்கு ஒப்பாரி வைத்த வாய் திடீரென்று அவர்களைப் பற்றிப் பேசாமல் பரலோகத்தைப் பற்றிப் பேசியது, அதுதான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. இது என் ஊகம். மொழி தெரிந்த யாராவது அந்தக் கொயர் கேசட்டுகளை உட்கார்ந்து கேட்டு, இல்லை, அதற்குள்ளும் இருக்கிறது என்று சொன்னால் சந்தோசமாக ஒத்துக்கொள்வேன்.

பிற்காலத்தில் அவர் பழைய பாட்டுகளையும் மேடையில் மறுபடி பாடினார். கள்ளக் கேசட், பிறகு கள்ள சி.டி. எல்லாம் சேர்ந்து பாட்டுக்காரர்களின் பிழைப்பில் மண் போட்டிருந்த காலம். அவர் இருந்த வரைக்கும் அந்தப் பாட்டுகளில் பெரும்பகுதி பழைய தட்டுகளிலும் தேய்ந்த கேசட்டுகளிலும்தான் கிடந்தது.

பேரன் ஒருத்தர் இருக்கிறார். 1997இல் பிறந்தவர், அவர் பேரும் ஜோசப் கமாருதான். 'கேஎம்ஆர்யு' என்கிற பேரில் உலகம் சுற்றுகிற இசைக்காரர். அவர் இசையில் வார்த்தையே கிடையாது. தெருச்சத்தம், மழை, மின்சாரத்தின் ரீங்காரம், இவற்றை நீட்டி நீட்டிச் செய்கிற இசை. தாத்தா வாயைத் திறந்து சொன்னதால் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் பேரன் வாயை மூடிக்கொண்டாரோ என்று விளையாட்டாக நினைத்துக்கொள்வேன். ஆனால் தாத்தாவின் பழைய பதிவுகளைத் தேடியெடுத்துச் சுத்தம் பண்ணி ஒவ்வொன்றாக இணையத்தில் போடுகிறவரும் அவர்தான். நான் கேட்டது அப்படித்தான்.

ஒரு நாள் ராத்திரி கமாருவும் தங்கையும் பாடுகிற பழைய தட்டு ஒன்றைச் செல்போனில் போட்டுவிட்டு இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா புளி உடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும், "யாருடா அது, அந்தப் பொண்ணு அவனை என்னமோ கேக்குது, அவன் பதிலே சொல்லாம சுத்தி வளைக்கிறான்" என்றது. பாஷை தெரியாதும்மா என்றேன். "அதுக்கு எதுக்குடா பாஷை" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னது.